பெரியப்பாவின் மில்லும் சப் ஸ்ட்ரீம் செட்டிங்கும்

ஆரணிக்குப் பக்கத்தில் பெரியப்பாவுக்கு ஒரு அரிசி மில் இருக்கிறது. நெல் காயும் களம், எடை மேடை, குடோன் என்று மொத்தம் 8 கேமரா, அவற்றின் படத்தைப் பதிவு செய்ய ஒரு டிவிஆர் பெட்டி. மில் ஆபீஸ் டிவியில் படம் தெளிவாக ஓடும். அவர் வெளியூர் போய் போனில் திறந்தால்தான் வராது. “லாரி வந்துச்சானு பாக்கலாம்னு தெறந்தா, சுத்திக்கினே இருக்குதுப்பா” என்று பொங்கலுக்குப் போனபோது சொன்னார். கேமரா மாட்டியவர் நெட் பத்தவில்லை, பெரிய பிளான் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். போட்டும் அதே கதைதான். சரி, இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டே போவோம் என்று தங்கிவிட்டேன்.

முதலில் வேகத்தை அளந்தேன். மில்லில் இருப்பது 4ஜி ரவுட்டர். டவுன்லோடு 30 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 30 மெகாபிட்) வந்தது, அப்லோடு 3க்கும் 4க்கும் நடுவில். கேமரா படம் மில்லிலிருந்து வெளியே போகிறது, அதனால் இங்கே கணக்கு அப்லோடுதான். பிளானை மாற்றும்போது யாரும் அதைக் கேட்கவே இல்லை.

அப்புறம் டிவிஆரில் படத்தின் அளவையும் தரத்தையும் அமைக்கும் என்கோட் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு கேமராவுக்கும் இரண்டு ஸ்ட்ரீம் உண்டு. மெயின் ஸ்ட்ரீம் ஹார்ட் டிஸ்கில் பதிவாக. சப் ஸ்ட்ரீம் போனில் பார்க்க. மெயின் 1080பி, 4 எம்பிபிஎஸ். சப் ஸ்ட்ரீம் 704×576, விநாடிக்கு 25 ஃபிரேம் (அதாவது 25 படம்), 1 எம்பிபிஎஸ். எட்டையும் கட்டம் கட்டமாக ஒரே திரையில் வைத்துத்தான் பெரியப்பா பார்ப்பார். அப்படியென்றால் 8 எம்பிபிஎஸ் வெளியே போக வேண்டும். 3 போகிற குழாயில் 8 எப்படிப் போகும்?

எட்டு கேமராவிலும் சப் ஸ்ட்ரீமை 352×288 ஆக்கி, 10 ஃபிரேம், 192 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் ஒரு எம்பிபிஎஸ்) வைத்தேன். எட்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை எம்பிபிஎஸ்தான். போன் திரையில் சின்னக் கட்டமாகப் பார்க்க இது தாராளம். பிட்ரேட் (விநாடிக்குப் போகும் டேட்டா அளவு) முறையை, படத்துக்கேற்ப ஏறி இறங்கும் விபிஆரிலிருந்து ஒரே அளவில் நிற்கும் சிபிஆருக்கு மாற்றினேன். களத்தில் உமித்தூசி பறக்கும்போதும், இரவில் படம் புள்ளி புள்ளியாக ஆகும்போதும் விபிஆரில் பிட்ரேட் எகிறிவிடும். சிபிஆரில் படம் கொஞ்சம் மங்கும், ஆனால் நிற்காது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். போனில் திறந்தால் ஐந்து விநாடி வரை கறுப்புத் திரை, அப்புறம்தான் படம். காரணம் ஐ-ஃபிரேம் இடைவெளி. ஐ-ஃபிரேம் என்ற முழுப்படம் ஒன்று வந்தால்தான் அதன் மேல் மற்ற ஃபிரேம்கள் கட்டப்படும். அந்த இடைவெளி 50 ஃபிரேம் என்று இருந்தது. 25 ஃபிரேம் ஓடும்போது அது 2 விநாடி. நான் 10 ஆகக் குறைத்ததும் அதே 50 ஐந்து விநாடி ஆகிவிட்டது. 20 என்று மாற்றினேன், படம் சட்டென்று வந்தது. ஃபிரேமைக் குறைப்பவர்கள் இதையும் சேர்த்துக் குறையுங்கள். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுதும் போனது.

மாற்றம் உண்மையிலேயே ஏறியதா என்று பார்க்க, லேப்டாப்பில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் வழியாக ஆர்டிஎஸ்பி (கேமரா படத்தை நேரடியாக வாங்கும் முறை) முகவரியைக் கொடுத்துத் திறந்தேன். ஆர்டிஎஸ்பியின் வழக்கமான போர்ட் (உள்ளே நுழையும் வாசல் எண்) 554. முகவரி அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஹிக்விஷனில் 101 என்றால் முதல் கேமராவின் மெயின், 102 என்றால் அதன் சப். டாஹுவாவில் சேனல் எண்ணோடு சப்டைப் 0 (மெயின்) அல்லது 1 (சப்) என்று வரும். இங்கே ஒரு சிக்கல்: பாஸ்வேர்டில் @ இருந்ததால் உள்ளே விடவே இல்லை. முகவரியில் @ என்பது பாஸ்வேர்டு முடிகிற இடத்தைக் குறிப்பது; பாஸ்வேர்டுக்குள் வரும் @-க்குப் பதில் %40 போட்டதும் திறந்தது. விஎல்சியின் கோடெக் தகவலில் 352×288, 10 ஃபிரேம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நிம்மதி.

ரவுட்டரில் போர்ட் திறந்துவிட்டால் நேராகப் பார்க்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். ரவுட்டரின் வெளி ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதாக இருந்தது. பல வாடிக்கையாளருக்கு ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு அது. அதில் இப்படிப் போர்ட் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எடுபடாது. எடுபட்டாலும் நான் செய்திருக்க மாட்டேன். 2016இல் மிராய் என்ற மால்வேர், மாற்றப்படாத பாஸ்வேர்டு வைத்திருந்த டிவிஆர்களையும் கேமராக்களையும்தான் கூட்டம் கூட்டமாகப் பிடித்தது. அதனால் க்யூஆர் ஸ்கேன் செய்து, போர்ட் திறக்காமலேயே கம்பெனி சர்வர் மூலம் இணைக்கும் பி2பி வழியையே வைத்துக்கொண்டேன். அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, பெரியப்பாவுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் பார்க்க மட்டும் அனுமதி உள்ள தனி யூசர் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு கட்டத்தைத் தொட்டுப் பெரிதாக்கினால் ஆப் மெயின் ஸ்ட்ரீமுக்குத் தாவும். அது 4 எம்பிபிஎஸ் என்பதால் அங்கே மறுபடி நின்றது. மெயினை, வீடியோவை இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265 முறைக்கு மாற்றி, 15 ஃபிரேம், 2 எம்பிபிஎஸ் வைத்தேன். சப் ஸ்ட்ரீமை மட்டும் பழைய முறையான எச்.264லேயே விட்டேன், கணக்குப்பிள்ளையின் பழைய போனுக்காக. இதில் இன்னொரு நல்லதும் நடந்தது. 8 கேமரா, 4 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 345 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. இப்போது ஏறக்குறைய பதினொரு நாள் பதிவு நிற்கிறது.

போன வாரம் பெரியப்பா கூப்பிட்டார். வேலூரிலிருந்து பார்த்தாராம், எல்லாம் ஓடுகிறதாம். “எடை மேடையில மட்டும் ராத்திரி லாரி நம்பர் சரியா தெரியல தம்பி” என்றார். அந்த ஒரு கேமராவின் மெயினை மட்டும் 3 எம்பிபிஎஸ் ஆக்கச் சொல்லி, எங்கே அழுத்த வேண்டும் என்று கணக்குப்பிள்ளைக்குப் போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். பதிவில் இப்போது நம்பர் படிக்க முடிகிறதாம்.