பதிவேட்டில் இடமில்லாத கால் மணி நேரம்

தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து மீனவர் படகு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட சேதி வந்த அன்றைக்கு, அங்கே மீனவர் குடும்பத்துக் கர்ப்பிணி வீட்டுக்குப் போகும் கிராம சுகாதார செவிலியர் போனதும் பிரஷர் பார்க்கக் கூடாது. அழுகை, பேச்சு இரண்டுமே அளவைக் கூட்டிக் காட்டும். முதலில் கர்ப்பிணியைப் பேச விடணும். அப்புறம் முதுகு சாய்த்து, கால் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார வைக்கணும். கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி எடுக்கணும். 140/90 தொட்டால் திரும்ப எடுத்து, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். "கவலைலதான் ஏறியிருக்கு" என்று விடுவது பெரிய தப்பு. கூடவே கடும் தலைவலி, கண் மங்கல் என்றால் 108தான்.

பதிவேட்டில் அந்த அளவு மட்டும் ஏறும். காது கொடுத்த கால் மணி நேரம் ஏறாது. அடுத்த வீட்டில் பச்சைப்பிள்ளை, அங்கே சிரித்த முகம் வேணும்.

1983-ல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு, வேலைக்காக மனசையும் முகத்தையும் இப்படி மாற்றிக்கொள்வதை உணர்வு உழைப்பு என்றார். மனசோடு பேசுவதைவிட, உள்ளே ஒன்று முகத்தில் ஒன்று என்று நாள் முழுக்க நிற்பதுதான் ஆளை வற்ற வைக்கும். வேலை கசப்பது அங்கேதான்.

கிராம செவிலியர்களை மேற்பார்க்கும் பகுதி சுகாதார செவிலியர்களே, கூட்டத்தில் இலக்கு கேட்கும்போது "இந்த மாசம் எந்த வீடு கஷ்டமா இருந்துச்சு?" என்றும் கேளுங்க. பத்து நிமிடம் போதும்.