மாமா பாடின பன்னிரண்டாவது தரு

மாரி தொடங்கினால் எங்கள் மட்டக்களப்புப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லவே ஏலாது. அன்றைக்குக் கன்னன்குடாவிலிருந்து மாமா கல்லடிக்கு வந்திருந்தார். எந்தக் கொப்பியிலும் இல்லாத வடமோடித் தருக்களை, அதாவது வடமோடிக் கூத்துப் பாட்டுகளை, அவர் பாடப் பாட நான் கொம்பியூட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவதைச் சேமித்து, "சேவ் ஆயிட்டு மாமா" என்று சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது.

கரண்ட் வந்ததும் பார்த்தேன். பதினொரு கோப்பும் அப்படியே இருந்தன. பன்னிரண்டாவதற்குப் பெயர் இருக்கிறது, அளவு 0 பைட்.

ஹாட் டிஸ்க் பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். டிஸ்கை முழுசாகப் படியெடுத்து, அந்தத் தருவில் வரும் சொற்களைப் படியெங்கும் தேடினேன். மற்றப் பாட்டெல்லாம் அகப்பட்டன, இது இல்லை. அழிந்த கோப்பென்றால் எங்காவது மிச்சம் கிடக்கும். இதில் ஒரு எழுத்துக்கூட இல்லை என்றால், அது டிஸ்குக்குப் போகவே இல்லை.

மறுகா பழைய லெப்டொப் ஒன்றின் பற்றரியைக் கழற்றிவிட்டு, அதே லினக்ஸில் நான் எழுதின அதே பைதன் புரோகிராமைப் போட்டேன். சேமிப்பேன், மணிக்கூட்டைப் பார்ப்பேன், பிளக்கை இழுப்பேன். பத்து செக்கனில் இழுத்தால் 0. இருபதிலும் 0. ஒரு நிமிடம் விட்டு இழுத்தால் தரு முழுசாக இருந்தது.

சரி, விளங்கிவிட்டது. லினக்ஸ் டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கிற முறைக்கு ஈஎக்ஸ்டி4 என்று பெயர். அது கோப்பின் பெயரை ஐந்து செக்கனுக்கு ஒருமுறை டிஸ்கில் உள்ள ஜேர்னல் என்ற பதிவேட்டில் பதிந்துவிடும். உள்ளே உள்ள எழுத்துக்கு டிஸ்கில் இடம் ஒதுக்குவதைத்தான் பிற்போடும். வழக்கமான அமைப்பில் முப்பது செக்கன் அளவுக்கு அது மெமரியிலேயே கிடக்கும். சேர்த்து எழுதினால் வேகம், துண்டு துண்டாகவும் சிதறாது. 2009இல் உபுண்டு என்ற லினக்ஸைப் பாவித்தவர்களுக்கும் இப்படி வெறுங்கோப்புகள் வந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் 2.6.30 பதிப்பில், பழைய கோப்பை மாற்றி எழுதும்போது இது நடக்காமல் பாதுகாப்பு வைத்தார்கள். என் புரோகிராம் தருவுக்கொரு புதுக் கோப்பு அல்லவா திறக்கிறது!

பிழை என்னுடையது. புரோகிராம் கையில் வைத்திருக்கிற எழுத்தை லினக்ஸிடம் தள்ளிவிட ஃப்ளஷ் செய்து, அதை உடனே டிஸ்கில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க்கை அழைத்து, அது முடிந்த பிறகுதான் "சேவ் ஆயிட்டு" என்று காட்ட வேண்டும். இரண்டே வரி. அதைப் போட்டபின், அந்தச் சொல் திரையில் வந்த கையோடு பிளக்கை இழுத்தேன். இருபது தடவையும் தரு இருந்தது.

மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்ன மனே, நெஞ்சில கிடக்குதானே" என்று மத்தளத்தை மடிக்கு இழுத்தார். மூன்றாம் அடியில் அன்றைக்கு வேறொரு சொல் பாடினதாக ஞாபகம். கேட்டேன்.

"ரெண்டும் வாறதுதான்."

இரண்டையும் எழுதிச் சேமித்தேன்.