வென்டிலேட்டரிலிருந்து வீடு வந்தவருக்கு: மூளை தேறும் காலத்தில் செய்ய வேண்டியவை

வைரஸ் காய்ச்சல் நிமோனியாவாகி வென்டிலேட்டர் வரை போனவருக்கு, மூச்சு சீரானதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் நினைத்துவிடுகிறோம். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும்போது மூளையில் சீக்கிரம் அடிபடும் இடங்களில் ஒன்று, புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. அதனால்தான் கல்யாணக் கதையெல்லாம் பிசகாமல் சொல்பவருக்கு, காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவில் இருப்பதில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நாலு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள்: எத்தனை நாள் வென்டிலேட்டர், ஆக்சிஜன் அளவு எவ்வளவு இறங்கியது, வலிப்பு வந்ததா, எம்ஆர்ஐயில் என்ன தெரிந்தது. ஸ்கேன் படங்களை சிடியாகவும் வாங்கி வையுங்கள். பிறகு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவமனைக்குப் போனாலும் இவை தேவைப்படும்.

அதிகம் பிசகுவது சாப்பாட்டில்தான். மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு போகும் குழாய் இருந்தால், ஒவ்வொரு முறையும் மூக்கருகே உள்ள அடையாளம் நகரவில்லை என்று பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரம்; ஒரு வேளைக்கு 200 மில்லி அளவில் மெதுவாக; கடைசியில் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அட்டையில் எஸ்ஆர், சிஆர் என்று போட்ட மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. மெல்லக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக உடம்பில் இறங்கிவிடும். டாக்டரிடம் சொல்லி மாற்று வாங்குங்கள்.

விழுங்கும் திறனை தெரபிஸ்ட் சோதித்துச் சொன்ன பிறகுதான் வாய் வழியே. நேராக உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். இடையில் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் ஈரமாகக் களகளத்தால் அங்கேயே நிறுத்துங்கள். இருமல் வராமலே நுரையீரலுக்குள் போவதும் உண்டு. பின்னால் சளியும் காய்ச்சலுமாகத்தான் தெரியும். பச்சைத் தண்ணீர்தான் ரொம்ப ஆபத்து, வேகமாக ஓடிவிடும். நம்மூர்க் கஞ்சியும் பயறும் அதே ரகம்: நீர் முன்னால் ஓடும், பருக்கை பின்தங்கும். அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தொண்டையில் ஒட்டும். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடியைக் கட்டியில்லாமல் குறுக்கிக் காய்ச்சுவது நல்லது. குழந்தைக்குக் கொடுக்கிற அதே பதம். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

அடுத்த தொல்லை அசதி. இதைச் சோம்பல் என்று பேசுகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம். பயிற்சி காலையில், 15 அல்லது 20 நிமிடம், பிறகு ஓய்வு. டிவியை அணைத்துவிட்டு ஒருவர் மட்டும் பேச வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. தெரியாததைக் கேட்டுக் கேட்டுச் சோதிப்பதைவிட, பதிலை நோட்டில் எழுதிப் பார்க்க வைப்பது பலன் தரும். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வலிப்பு வந்திருந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. பைக், கிணற்றடி, கட்டுமரம் எதற்கும் டாக்டர் சம்மதம் வேண்டும். ரப்பர் பால்வெட்டுக்குப் போனவரென்றால் விடியுமுன் எழும் வேலையும் கத்தியும் இப்போதைக்கு வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பால் எடுப்பது, ஷீட் காயப்போடுவது என்று தொடங்கி, தூக்கம் கெடாத அளவுக்குக் கூட்டுங்கள்.