நீல நூல்

மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டின் அபிஜானில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்ட பிரெஞ்சு மூன்றே சொற்கள்: சா வா அலே. ‘சரியாகிவிடும்’ என்று பொருள். லாரி வரவில்லையா, சா வா அலே. எடைமேடை பழுதா, சா வா அலே. கூரை ஒழுகி நாற்பது மூட்டை நனைந்த அன்றும் அதேதான். தூத்துக்குடியில் இருந்த மேலாளருக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், ‘நடவடிக்கை எடுக்கப்படுகிறது’ என்று எழுதி அனுப்புவேன். பொருள் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது.

முந்திரிக்கொட்டையின் தரம் பார்ப்பது என் வேலை. மூட்டைகளில் கம்பி குத்தி எடுத்த கொட்டைகளைக் கலந்து, ஒரு கிலோ நிறுத்து, எண்ணி, ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். நல்ல பருப்பு, புள்ளி விழுந்தது, சுருங்கியது, பொக்கு எனத் தனித்தனிக் குவியல்கள். 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதே கணக்கு. 48 வந்தால் வாங்குபவர் முகம் மலரும். 44 என்றால் சண்டைதான். சீசன் முழுக்க கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனித் தோல் உரிந்துகொண்டே இருக்கும்.

கிடங்கின் வாசலோரம் கிழிந்த சாக்குகளைத் தைக்கும் பெண் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் அவரைத் ‘தாந்தி’ என்றே அழைத்தேன். அத்தை என்பது போல. சணல் நூல் தீர்ந்துவிட்டால், மீன்வலை பின்னும் நீல நைலான் நூலை எடுத்துத் தைத்துவிடுவார். நைலான் இழை கொட்டையோடு கலந்துவிட்டால் ஆலையில் பிடித்துக்கொள்வார்கள். அதைச் சொல்லி இரண்டு முறை கடிந்திருக்கிறேன். “சா வா அலே, பத்ரோன்” என்று தலை நிமிராமல் சொல்வார். பத்ரோன் என்றால் முதலாளி.

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. அபிஜானிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிராண்ட்-பாசாம் கடற்கரையில் துப்பாக்கியோடு வந்தவர்கள் 19 பேரைக் கொன்றார்கள். ஒரு காலத்தில் பிரெஞ்சுக் காலனி ஆட்சியின் தலைநகராக இருந்த பழைய ஊர் அது. ஞாயிறானால் அபிஜான்காரர்கள் குடும்பத்தோடு போய்க் கடலில் கால் நனைக்கும் இடம்.

திங்கட்கிழமை தாந்தி வழக்கம்போல் வந்து உட்கார்ந்தார். அவருடைய தங்கை அந்தக் கடற்கரையில் இளநீர் விற்பவர் என்று சுமை தூக்குபவர் ஒருவர் சொன்னார். போய் விசாரித்தேன். “உயிரோடு இருக்கிறாள். நேற்றிலிருந்து பேசவில்லை” என்றார். “யாக்கோ, தாந்தி” என்றேன். துக்கத்தில் இருப்பவரிடம் அந்த ஊரில் சொல்லும் சொல். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, “சா வா அலே” என்றார். நானும் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். அன்றைய அறிக்கையைப் பிறகு ஒருநாள் எடுத்துப் பார்த்தேன்: ஈரப்பதம், கிலோவுக்கு எத்தனை கொட்டை, பவுண்டு கணக்கு எல்லாம் பிசகில்லாமல் இருந்தன.

2019 நவம்பரில், நான் ஊர் திரும்பிய பிறகு, அபிஜான் நண்பர் ஒருவர் கைப்பேசியில் சில படங்களை அனுப்பினார். ‘எங்கள் ஊர்க்காரர் பரிசு வாங்கிவிட்டார்’ என்ற குறிப்போடு. ஜொவானா சுமாலி; அபிஜானில் பிறந்தவர், விளம்பரத் துறையிலிருந்து புகைப்படத்துக்கு வந்தவர். பிரி பிக்டே என்ற உலகப் புகைப்பட விருதை ஆப்பிரிக்கர் ஒருவர் பெறுவது அதுவே முதல்முறை. அந்தப் படத்தொகுப்பின் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது: சா வா அலே.

தாக்குதல் நடந்து மூன்று வாரம் கழித்துப் பாசாமுக்குப் போய், யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று, கைப்பேசியிலேயே படம் எடுத்திருக்கிறார். தெருவில் தனியே நடப்பவர், சும்மா நிற்பவர், எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருப்பவர். ரத்தமோ தோட்டா துளைத்த சுவரோ அவருடைய பொருள் அல்ல. அந்தப் படங்களைப் பருத்தித் துணியில், ஏறக்குறைய ஒரு சாண் சதுரத்தில் அச்சிட்டு, அவற்றின் மேல் வண்ண நூலால் கையாலேயே தைத்திருக்கிறார். அந்த மூன்று சொற்களைச் சொல்லித்தான் தன் நாட்டில் மனக்காயத்தைப் பற்றிய பேச்சை எல்லோரும் பாதியில் முடித்துவிடுகிறார்கள் என்பது அவர் ஆதங்கம். ஒவ்வொரு தையலும் தனக்கே மருந்தாக இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார்.

பிறகு அவர் அல்பாஹியான் என்றொரு தொகுப்பு செய்தார். விடியற்காலை நடையில் எடுத்த நகரப் படங்களின் மேல் மெல்லிய துணிகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்தவை. அந்நாட்டில் பேசும் ஆஞி மொழியில் அந்தச் சொல்லுக்கு நாளின் முதல் வெளிச்சம் என்று பொருள். பார்க்கக் கனவு போல இருக்கும். என் ரசனைக்குச் சற்றுக் கூடுதல் அழகு. பாசாம் படங்களில் அந்த மிதப்பு இல்லை. துணி கனமாகவே இருக்கிறது. நூல் ஏறியிருப்பது தெரிகிறது, ஏறிய பிறகும் அந்த மனிதர் தனியாகத்தான் நிற்கிறார்.

இவற்றை நேரில் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை, திரையில்தான். விரலால் பெரிதாக்கி, தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று தேடுவேன். கொட்டை வெட்டிய காலத்துப் பழக்கம், எதையும் கிட்டப் பார்க்காமல் விட முடியாது. தாந்தியிடம் மட்டும் அந்தப் பழக்கம் எனக்கு உதவவில்லை. அவர் தங்கை பிறகு பேசினாரா என்று நான் கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு சீசன் அவர் அருகிலேயே வேலை செய்தேன்.

இப்போது தூத்துக்குடியில், அபிஜான் கன்டெய்னர் வந்து கதவு திறந்ததும், முதலில் சாக்குகளின் தையலைப் பார்க்கிறேன். பெரும்பாலும் சணல்தான். போன ஆண்டு ஒரு மூட்டையின் ஓரத்தில் நீலம் தெரிந்தது. வேறு யாருடைய கையாகவும் இருக்கலாம். ஒதுக்கி வைக்க வேண்டிய மூட்டைதான். பையன்கள் இறக்கி முடிக்கும் வரை அதன் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.