அம்மா போட்டோவுக்கும் கால்ஷீட்

படப்பிடிப்பின் 3-ஆம் நாள். காலை ஆறு மணிக்கே லைட்டிங் ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்துச் சுவரில் வெறும் ஆணி. ஆர்ட் அசிஸ்டென்ட் வந்து, "அண்ணே, அம்மா போட்டோ?" என்றார். "உங்ககிட்டதானே இருக்கணும்?" என்றேன். "போட்டோ எடுத்தாத்தானே ஃபிரேம் போட முடியும்? அவங்கதான் இன்னும் வரவே இல்லையே!"

கதைப்படி அம்மா இறந்து பத்து வருடம். நடிப்பவருக்கு ஃபிளாஷ்பேக்கில் நான்கே சீன், முதல் கால்ஷீட் 19-ஆம் நாள். நடிகர்களின் தேதிகளுக்காக நான் போட்ட சார்ட்டில் அவர் பெயருக்கு நேரே அதற்கு முந்தைய 18 கட்டங்களும் காலி. ஆள் வராவிட்டாலும் முகம் 3-ஆம் நாளே சுவரில் தொங்கியாக வேண்டும் என்பது சார்ட்டைப் போட்ட எனக்கே தோன்றவில்லை.

அன்று அந்தச் சுவர் கேமராவில் விழாதபடி எடுத்து ஒப்பேற்றினோம். மகனாக நடித்தவர் வெறும் ஆணியைப் பார்த்துக் கண் கலங்கினார். நன்றாகவே கலங்கினார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் என்ன பார்த்தார் என்று காட்டும் ஒரு இன்செர்ட்டுக்காக, அதாவது போட்டோவை மட்டும் காட்டும் ஒரு சின்ன ஷாட்டுக்காக, அம்மா வந்து போட்டோ எடுத்த பிறகு மறுபடி அதே வீட்டுக்குப் போய் அதே வெளிச்சத்தை அமைக்க வேண்டியிருந்தது. டைரக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நடிகர்களின் தேதிக்கு எங்கள் தொழிலில் ஒரு சார்ட் உண்டு, டே அவுட் ஆஃப் டேஸ். ஒவ்வொரு நடிகருக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். முதல் வேலை நாளுக்கு எஸ்.டபிள்யூ, நடுவில் வேலை நாளுக்கு டபிள்யூ, கடைசி நாளுக்கு டபிள்யூ.எஃப். வேலை இல்லாமலே நமக்காகக் காத்திருக்கும் நாளுக்கு ஹெச், அதாவது ஹோல்ட். மேனேஜர்கள் இந்த ஹெச்சைத்தான் முதலில் எண்ணுவார்கள்.

பொருட்களுக்கு மட்டும் சீன் வாரியாக ஒரு லிஸ்ட் எடுத்து ஆர்ட் டிபார்ட்மென்டிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். வாடகைக்கு எடுத்த பழைய ரேடியோவுக்கும் ஹோல்ட் நாள் உண்டு, சும்மா கிடந்தாலும் வாடகை ஓடும். மூவி மேஜிக் ஷெட்யூலிங் போன்ற சாஃப்ட்வேரில் இதே சார்ட்டைப் பொருட்களுக்கும் எடுக்கலாம். நான் வேலை பார்த்த யூனிட் எதிலும் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

அதே படத்தில் ஒரு மூக்குக்கண்ணாடியும் என்னைப் படுத்தியது. 42-ஆம் சீனில் தாத்தாவின் கண்ணாடி கீழே விழுந்து இடது லென்ஸில் விரிசல் விழும். 17-இல் நல்ல கண்ணாடி, 61-இல் விரிசலோடு. ஒரு நடிகரின் தேதி மாறியதில் 42 முன்னால் வந்து 17 பின்னால் போனது. காம்பினேஷன் சரியாக இருக்கிறதா, தாத்தாவும் பேத்தியும் ஒரே நாளில் கிடைக்கிறார்களா என்று மட்டும் பார்த்து ஓகே சொல்லிவிட்டேன். 42-ஐ மூன்று டேக் எடுத்ததில் மூன்று கண்ணாடியும் காலி. 17-க்கு நல்லது ஒன்றுகூட மிச்சமில்லை. அதே ஃபிரேம் தேடி ஆளை அனுப்பிவிட்டு, தாத்தாவை நிழலில் உட்கார வைத்து மதியம் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது முக்கியமான பொருளுக்கெல்லாம் நடிகர்களைப் போலவே நம்பர் கொடுத்து, எக்செல்லில் தனி வரிசை போடுகிறேன். எல்லாப் பொருளுக்கும் இல்லை, டம்ளர் சொம்புக்கெல்லாம் போட்டால் பைத்தியம்தான் பிடிக்கும். நிலை மாறுகிற பொருள், வாடகைப் பொருள், வேறொரு ஆளை நம்பியிருக்கிற பொருள், இவ்வளவுதான். கண்ணாடிக்கு 'நல்லது', 'விரிசல்' என்று இரண்டு வரிசை, பக்கத்தில் எத்தனை டேக்குக்கு எத்தனை ஜோடி என்ற கணக்கு. போட்டோ என்றால் முகத்துக்குரிய நடிகரின் நம்பரும் அதே வரிசையில் இருக்கும். தேதி மாறி போன் வந்தால் முதலில் காம்பினேஷன், அப்புறம் இந்த வரிசைகள். இரண்டையும் பார்க்காமல் 'சரி' என்ற வார்த்தையே வாயில் வராது.

இப்போது வேலை பார்க்கும் படத்தில் சுவரில் அப்பா போட்டோ. அவருக்கு மேக்கப், உடை போட்டுப் பார்க்கும் லுக் டெஸ்ட் அன்றே ஸ்டில் போட்டோகிராஃபரை வரச் சொல்லி எடுத்துவிட்டோம், வயதான தோற்றத்தில் ஒன்று, இளமையில் ஒன்று. ஃபிரேம் போட்டு வந்தாகிவிட்டது. முதல் நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தாத்தா கைத்தடி மட்டும் இன்னொன்று வரவேண்டும், 33-ஆம் சீனில் உடைகிறது.