அரை கிரவுனுக்கு ஒரு செங்கல்

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு பேராலயத்துக்கு என்னை அழைத்துப்போனவர் பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டி. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "உன் பிள்ளையாரைப் பார்க்க விம்பிள்டன் கோயிலுக்கு நான் வந்தேனே, நான் வளர்ந்த ஊர்க் கோயிலுக்கு நீ வா" என்றார். சரி, கிளம்பிவிட்டோம்.

ஸ்டேக் ஹில் என்ற மேட்டின் உச்சியில் செக்கச்செவேலென்று நிற்கிறது ஆலயம். காற்று குடையைப் பிடுங்க, பாட்டி மூச்சு வாங்கியபடியே பேசிக்கொண்டு ஏறினார். 1936இல் அடிக்கல் நாட்டியது. போர் வந்ததும் வேலை நின்றுபோனது. போர் முடிந்தும் யாரிடமும் காசில்லை. மிட்டாய்கூட ரேஷன்தான், 1953 பிப்ரவரி வரை. வாரம் ஒரு நாள் அடுப்படியில் தகரத் தொட்டிக் குளியல்: அப்பா, அம்மா, அண்ணன், கடைசியில் இவர். அதற்குள் வெந்நீர் பச்சைத் தண்ணீராகியிருக்கும். பள்ளிக்கூடம் போகையில் நிமிர்ந்தால், மேட்டில் பாதிக் கோயில் மொட்டையாக நிற்குமாம்.

மீதியைக் கட்டத்தான் செங்கல் விற்றார்கள். ஒன்று 2 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது ஒரு அரை கிரவுன் நாணயம். வாங்கியவர் அதில் தன் பெயரை எழுதலாம். 2 லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள். 1961 மே 17 அன்று ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. பாட்டியும் சில்லறை சேர்த்து ஒன்று வாங்கியிருக்கிறார். பெயரைப் பெரிதாக ஆரம்பித்து, இடம் போதாமல், கடைசி எழுத்து விளிம்பில் மடங்கிவிட்டதாம். அந்தக் குறை இன்னும் தீரவில்லை!

நாம் டியூப்லைட்டில் வெளிச்சம் மறைய 'உபயம்' எழுதுகிறவர்கள். இங்கே எழுதிய பெயரெல்லாம் சுவருக்குள் போய்விட்டது. எலிசபெத் அரசியார் கையெழுத்திட்ட செங்கல் உள்ளே பார்வைக்கு இருக்கிறது. "ராணிக்கு எழுத்து மடங்கவில்லை, அதனால் வைத்திருக்கிறார்கள்" என்றார் பாட்டி.

வாசலில் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றப் போனது. வெளியே அத்தனை சிவப்பு, உள்ளே வெளிறிய கல்லும் உயர்ந்த வளைவுகளும். மண்டியிடும் மெத்தைகளில் ஊர்க்காரர்கள் கையால் செய்த தையல் வேலை. பாட்டி ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு அதில் மண்டியிட்டார். நான் மெழுகுவத்தி ஏற்றினேன். வாயில் வந்தது 'பிள்ளையாரே' என்றுதான். அங்கே யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வெளியே வந்ததும் பாட்டி கையுறையைக் கழற்றிச் சுவரைத் தொட்டார்.

"உங்கள் செங்கல் எந்தப் பக்கம்?"

"யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் தொட்டுவிட்டால் அதையும் தொட்ட மாதிரிதானே."

சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தார், அதுவும் அப்பிரதட்சிணமாக. எனக்குப் பொறுக்கவில்லை. தோளைப் பிடித்து வலம் வரும் திசைக்குத் திருப்பினேன். ஏன் என்று கேட்கவில்லை. வடக்குச் சுவரைத் தாண்டுவதற்குள், குளிரிலோ செங்கல் தூளிலோ, விரல் நுனியெல்லாம் சிவந்துவிட்டது. கோட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி கையைச் சுவரில் வைத்தார்.