சாக்ரமென்டோவுக்குப் போன கவர்

கலிபோர்னியாவில் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்துக்கு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இலவசமாக ஆலோசனை தர வேண்டும் என்பது சட்டம். அப்படி ஒரு மேசையில்தான் நான் வேலை பார்க்கிறேன். தனி ஆள் இங்கே 12,500 டாலர் வரை கேட்டு வழக்குப் போடலாம். விசாரணையில் வக்கீல் கிடையாது. எதிராளி எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் ஓர் ஊழியரை அனுப்பித்தான் பேச வேண்டும். இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு. ஆனால் விசாரணை நடப்பதற்கு முன்னால் வழக்குத் தாள் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பலர் தடுக்கி விழுவது அங்கேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஓட்டல் சமையல்காரர் வந்தார். வாடகை வீட்டைக் காலி செய்து நான்கு மாதமாகியும் 2,400 டாலர் அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. சட்டப்படி வீட்டு உரிமையாளர் 21 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும், பிடித்தம் செய்திருந்தால் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவர் அனுப்பிய மின்னஞ்சல் எதற்கும் பதிலே இல்லை. குடியிருப்பின் வாசலில் பெரிதாக ஒரு பெயர்ப்பலகை இருப்பதாகச் சொன்னார். அந்தப் பெயரையே எதிராளி கட்டத்தில் எழுதச் சொன்னேன். தாளை எங்கே கொடுப்பது என்றும் நான் விளக்கவில்லை. அவருடைய நண்பர் குடியிருப்பு அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

விசாரணை நாளில் எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை. பலகையில் இருந்தது வெறும் வணிகப் பெயர், தாளை வாங்கிய பெண்ணுக்கு வாங்கும் அதிகாரமும் இல்லை என்று நீதிபதி வழக்கைத் தள்ளிவைத்தார். சமையல்காரருக்கு ஒரு நாள் கூலி போனது. "பரவாயில்லை மேடம்" என்று அவர் சொன்னபோது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அன்று மாலை இருவரும் வாடகை ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து படித்தோம். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் இருந்தது உண்மையான உரிமையாளரின் பெயர். கட்டடத்தின் கதவு எண்ணையே பெயரின் முன்னால் வைத்துக்கொண்ட ஓர் எல்எல்சி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம். நிறுவனங்களைப் பதிவு செய்கிற மாநிலச் செயலரின் இணையதளத்தில் தேடினால் கிட்டத்தட்ட அதே பெயரில் மூன்று வந்தன. எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு எங்களுடையதைப் பிடித்தோம். அதன் ஏஜென்ட் சாக்ரமென்டோவில் இருந்தார்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில், பதிவு செய்கிற நிறுவனம் நீதிமன்றத் தாள்களை வாங்கிக்கொள்ள அந்த மாநிலத்துக்குள் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர்தான் ஏஜென்ட். பெரிய கம்பெனிகள் இதையே தொழிலாகச் செய்கிற நிறுவனங்களுக்குப் பணம் கட்டி அமர்த்திக்கொள்கின்றன. டெலவேர் மாநிலத்து வில்மிங்டனில், 1209 நார்த் ஆரஞ்சு ஸ்ட்ரீட்டில் ஓர் ஒற்றை மாடிக் கட்டடம் இருக்கிறது. 2012 வாக்கில் குறைந்தது 2,85,000 நிறுவனங்களுக்கு அதுதான் சட்டப்படியான முகவரி. கம்பெனிகள் ஒளிந்துகொள்ளும் இடம் என்று அதைத் திட்டுகிறவர்கள் உண்டு. வரி விஷயத்தில் அந்தக் கோபம் நியாயமாக இருக்கலாம். என் மேசையிலிருந்து பார்த்தால் ஏஜென்ட் என்பது வாங்கமாட்டேன் என்று மூட முடியாத ஒரே கதவு. அங்கே கொடுத்தால் கம்பெனியின் கையில் கொடுத்த மாதிரி. 'எங்களுக்கு வரவில்லை' என்று பிறகு சொல்ல வழியில்லை. ஒரே நிபந்தனை, பெயர் சரியாக இருக்க வேண்டும். தவறினால் 'இந்தப் பெயருக்கு நாங்கள் ஏஜென்ட் இல்லை' என்று ஒரு கடிதத்தோடு தாள் திரும்பிவிடும்.

ஊரில் என்றால் சம்மனை நீதிமன்ற அமீனா கொண்டுபோவார். இங்கே 18 வயது நிரம்பிய, வழக்கில் சம்பந்தப்படாத யாரும் கொண்டுபோகலாம். வழக்குப் போட்டவர் மட்டும் கூடாது. ஏஜென்ட் வேறு கவுண்டியில் இருந்ததால் விசாரணைக்கு 20 நாள் முன்பே கொடுத்தாக வேண்டும். அதே நண்பர், பேக்கரியில் இரவு ஷிப்ட் முடித்த கையோடு சான் ஹோசேயிலிருந்து இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிக்கொண்டு போனார். வாங்கியவரின் பெயர், பதவி, நேரம் எல்லாவற்றையும் ரொட்டி பில்லின் பின்புறம் குறித்துக்கொண்டு வந்தார். தாள் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றத்துக்குக் காட்டும் எஸ்சி-104 படிவத்தை அதைப் பார்த்துத்தான் நிரப்பினோம்.

ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து சமையல்காரருக்குப் போன் வந்தது. முழுப் பணத்துக்கும் செக் அனுப்புகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். பணம் கணக்கில் ஏறும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். ஒன்பது நாள் கழித்து வங்கிச் சீட்டோடு வந்தார். வாபஸ் படிவத்தை அவரிடம் கொடுத்தேன். எதிராளி கட்டத்தில், எதையும் பார்க்காமல், கதவு எண், காற்புள்ளி, எல்எல்சி வரை முழுப் பெயரையும் அவரே எழுதினார்.